நீங்கள் தேய்க்க மறுத்த கார்டு

அண்ணாச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை என் கருவிப் பையைச் சுத்தம் செய்யலாம் என்று எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், துருப்பிடித்த நாலைந்து ஸ்க்ரூ. பையின் உள்ளறையில் ஒரு சின்னக் காகிதச் சுருள் இருந்தது. விரித்துப் பார்த்தால் வெறும் வெள்ளை. உங்கள் கடை கார்டு மெஷினிலிருந்து வந்த சீட்டு அது. அந்தக் காகிதத்தில் அச்சு நிற்காது, கொஞ்ச நாளில் அழிந்துவிடும். ஆனால் பின்பக்கம் நீலப் பேனாவில் நீங்கள் எழுதியது அப்படியே இருந்தது. 'க. 250.' பத்தாயிரம் ரூபாய்க்குக் கமிஷன் இருநூற்றைம்பது.

ஈஸ்வரி என்ன என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள். "அண்ணாச்சி எழுத்துல்லா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கும் தெரியும், அது எந்தக் காலத்துச் சீட்டு என்று.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. நேரில் சொல்லாமல் விட்டது சில உண்டு. உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நமக்குள் பழக்கம் எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு இருபது வருடமாகப் பஸ்ஸில் போய்வருகிறேன், மில்லில் எலக்ட்ரீஷியன் வேலைக்கு. மில்லுக்கு அவசரமாக ஏதாவது வேண்டுமென்றால் உங்கள் எலக்ட்ரிக்கல் கடைக்குத்தான் அனுப்புவார்கள். மோட்டாருக்குக் கான்டாக்டர், கெப்பாசிட்டர், காயில் வயர். நீங்கள் என்னை அண்ணாச்சி என்பீர்கள், நான் உங்களை அண்ணாச்சி என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை. அதைத் தெரிந்துகொண்டது உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான். என்னைவிட இரண்டு வயது இளையவர் நீங்கள். பழைய பஸ் ஸ்டாண்டு சுவர் முன்னால் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றவன், வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

முதல் கிரெடிட் கார்டு மில் கேட்டுக்கே வந்தது. டை கட்டிய ஒருவர் சாப்பாட்டு வேளையில் வந்து, சம்பளச் சீட்டின் நகலும் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் கார்டு எடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். பொய்யில்லை. ஆனால் அந்தச் செலவு இருபத்திரண்டாயிரம்தான். தங்கை மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் என்று ஐம்பத்தொரு தட்டு, பேண்டு செட், பட்டுப்பாவாடை, மோதிரம் என்று கொண்டுபோய் இறக்கினேனே, அது தொண்ணூறாயிரம். என் கைக்காசு அதில் ஐந்தாயிரம்கூட இல்லை. "மாமன்னா இப்படி இருக்கணும்" என்று மைக்கில் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக வருடக்கணக்கில் வட்டி கட்டியிருக்கிறேன். பிறகு டிவி, பிறகு பைக். இரண்டாவது கார்டு, மூன்றாவது, நான்காவது. ஒன்றுக்குக் கட்ட இன்னொன்றிலிருந்து எடுப்பது.

எடுப்பதற்கு வழி உங்கள் கடையில் இருந்தது. ஃபேன் வாங்கியதுபோல் கார்டைத் தேய்க்க வேண்டியது, ஃபேனுக்குப் பதில் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டியது. நூற்றுக்கு இரண்டரை ரூபாய் உங்களுக்கு. ஊரில் பல கடைகளில் நடப்பதுதான். மாதம் இரண்டு முறை வருவேன். நீங்கள் மெஷினை நீட்டுவீர்கள், நான் நம்பரைப் போடுவேன். சீட்டு சூடாக வெளியே வரும். மூன்று வருடம் அதைப்பற்றி நாம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஷிப்டு முடிந்து வந்து கார்டை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை.

"இனிமே ஒங்க கார்ட இந்த மெஷின்ல தேய்க்க மாட்டேன் அண்ணாச்சி" என்றீர்கள்.

மெஷினில் கோளாறு என்று நினைத்து, நாளைக்கு வரவா என்று கேட்டேன்.

"நாளைக்கும் மாட்டேன். என்னைக்கும் மாட்டேன். செத்த நேரம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். காலியான ஃபேன் அட்டைப்பெட்டி ஒன்றைத் திருப்பிப் போட்டு, "மொத்தம் எம்புட்டு நிக்கி? நாலு கார்டும் சேத்துச் சொல்லுங்க" என்றீர்கள். என் வாயால் அந்தத் தொகையை அதுவரை சொன்னதில்லை. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்றேன். பெட்டியில் எழுதினீர்கள்.

"மாசம் எம்புட்டுக் கட்டுறீக?"

"பதினேழாயிரம் கட்டுறேன். மினிமம் அம்புட்டுதான். ஒரு மாசம்கூடத் தவறுனதில்ல."

அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"பதினேழுல பன்னெண்டாயிரம் வட்டிக்கே போயிருது. அஞ்சாயிரந்தான் கடன்ல கழியுது. அடுத்த வாரமே வந்து அதுக்கு மேல தேச்சு எடுத்துட்டுப் போயிருறீக. பொறவு எப்படிக் கடன் கொறையும்? நூத்துக்கு மூணரை ரூபா வட்டி இது. நம்மூர்ல மூணு வட்டிக்குக் குடுக்கிறவனக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறோம். இவன் பேங்க் பேர்ல வந்ததால மரியாதையா இருக்கு, அம்புட்டுதான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நாலு பேர் வந்துபோகிற கடையில் வைத்து என் கடனைச் சொல்ல வைத்துவிட்டீர்கள் என்று கோபம். "கமிஷன் வாங்கும்போது தெரியலையா இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன்.

இரண்டு மாதம் உங்கள் கடைப்பக்கம் வரவில்லை. தெருமுனையில் இன்னொரு கடையில் நாலு ரூபாய் கமிஷனுக்குத் தேய்த்தேன். மில் கேண்டீனில் உங்களைப்பற்றித் தப்பாகப் பேசினேன். உங்களிடம் வாங்கும் காயில் வயர் எடை குறைவு, பில்லில் ஏமாற்றுகிறீர்கள் என்று சொன்னேன். இரண்டும் பொய். நான் சொன்னதை நம்பி ஸ்டோர்ஸ் ஆள் இரண்டு மாதம் சரக்கை வேறு கடையில் எடுத்தார். இது உங்கள் காதுக்கு வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அதன்பின் எத்தனையோ நாள் ஒன்றாக டீ குடித்தோம், ஒருநாள்கூட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

அந்த இரண்டாவது மாதக் கடைசியில் ஒரு தவணை தவறியது. அடுத்த வாரம் மில் ஆபீசுக்கே போன் வந்தது. கிளார்க் என்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து எதையோ எழுதுவதுபோல் இருந்தார். எதிர்ப்பக்கத்தில் கார்டுக் கடன் வசூலிக்கிறவன், என்னை ஒருமையில் பேசினான். உன் மகள் படிக்கிற காலேஜ் எது என்று எங்களுக்குத் தெரியும் என்றான். அன்றைக்கு அரைநாள் லீவு போட்டேன். எங்கே போவது என்று தெரியவில்லை. கால் உங்கள் கடைக்குத்தான் வந்தது.

அன்று நீங்கள் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "வீட்ல தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"மொதல்ல வீட்ல சொல்லணும். மத்தது பொறவு."

"என்னால முடியாது அண்ணாச்சி. அவ முகத்தப் பாத்து எப்படிச் சொல்ல?"

நீங்கள் உங்கள் வீட்டில் மதினிக்குப் போன் போட்டுத் தெலுங்கில் இரண்டு வார்த்தை சொன்னீர்கள். கடைக் கதவை இழுத்துப் பூட்டினீர்கள். "வாங்க, நானும் வாரேன்" என்றீர்கள். பட்டப்பகலில், முகூர்த்த மாதத்து வியாபாரத்தை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினீர்கள். எங்கள் ஊர் எல்லையில் மடவார்விளாகம் வந்தபோது, "மறைக்காமச் சொல்லிருங்க. பாதி சொல்லிப் பாதிய வச்சுக்கிட்டா இன்னொரு தடவ சொல்ல வேண்டி வரும்" என்றீர்கள்.

ஈஸ்வரி தையல் மெஷினில் இருந்தாள். இந்த நேரத்தில் நான் வந்ததையும் கூட ஒருவர் வந்ததையும் பார்த்து, மில்லில் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பயந்துபோனாள். அவளை உட்காரவைத்து நான் சொன்னேன். நான்கு கார்டு, மொத்தத் தொகை, சீர், போன், எல்லாவற்றையும். அவள் அழவில்லை. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"கடன் வாங்குனதுக்குக்கூட இல்ல. நாலு வருசமா எங்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டே இருந்தீகளே. ராத்திரி சாப்பிட்டுட்டு 'கொழம்பு நல்லாருக்கு'ன்னு சொல்லுவீக. அப்பெல்லாம் மனசுக்குள்ள இது இருந்துச்சுல்ல?"

அப்போதுதான் அவள் உங்கள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இவுக மாசாமாசம் கார்டத் தேச்சாகளே, தேச்சுக் குடுத்தது யாரு?"

நீங்கள் எனக்காக வந்தவர். யாரோ ஒரு கடைக்காரர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

"நான்தான் தங்கச்சி."

அவள் உங்களையே பார்த்தாள். நீங்கள் தலையைக் குனியவுமில்லை, காரணம் சொல்லவுமில்லை. "மூணு வருசம் தேச்சுக் குடுத்தேன். கமிஷனும் வாங்குனேன். தப்புதான்" என்றீர்கள். பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நீங்கள் முழுவதையும் குடித்துவிட்டுக் கிளம்பினீர்கள்.

மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள் காலை நகைகளை ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருந்தாள். தாலிச் செயினையும் கழற்றி, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். அன்று கிளம்பும்போது நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடிதான். நகைக்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட வராது, மூன்றரை ரூபாய் வட்டியை முதலில் அடைத்துவிட வேண்டும். வங்கியில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் கொடுத்தார்கள். மூன்று கார்டுகளை மூடினோம். தகரம் வெட்டும் கத்தரியால் அவளே அவற்றை வெட்டினாள். நான்காவதையும் சேர்த்துத்தான் வெட்டினாள். அதில் எண்பதாயிரம் பாக்கி இருந்தது. கார்டு போனாலும் பாக்கி போகாது என்றேன். "பாக்கி இருக்கட்டும், கார்டு எதுக்கு?" என்றாள்.

அந்த எண்பதாயிரத்துக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தீர்கள். உங்கள் கடையில் ஃபேன் வாங்குகிறவர்கள், மோட்டார் வாங்குகிறவர்கள், மாட்டித்தர ஆள் கேட்டால் என் பெயரைச் சொன்னீர்கள். கூலியில் ஒரு ரூபாய் எடுத்ததில்லை. நான் கொடுத்தபோது, "போதும் அண்ணாச்சி, ஒங்ககிட்ட நெறைய வாங்கிட்டேன்" என்றீர்கள்.

வத்திராயிருப்புத் தோப்புக்குப் போன ஞாயிறு நினைவிருக்கிறதா? பம்புசெட் ஓடவில்லை என்று தோப்புக்காரர் போன் செய்ய, உங்கள் வண்டியிலேயே என்னை அழைத்துப் போனீர்கள். பிளவக்கல் அணைப் பக்கம் மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டு நான் வேலை பார்க்க, நீங்கள் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னீர்கள்.

உங்களிடம் ஒரு டீச்சர் வருவார்களாம். தனியார் பள்ளி, சம்பளம் கொஞ்சம். இரண்டு வருடம் தேய்த்தார்கள். ஒருநாள் அவர்கள் வீட்டில் ஃபேன் மாட்ட நீங்கள் ஆள் அனுப்பினால் வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

"கடைல பில்லு எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். இருபத்தாறு தடவ தேச்சிருக்கேன் அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் 'நல்லாருக்கீகளா டீச்சர்'னு கேட்டிருக்கேன். அவுகளும் நல்லாருக்கேன்னு சொல்லிருக்காக. அடுத்த வெள்ளிக்கெழம நீங்க வந்து நின்னீக."

நான் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் பேச்சை நிறுத்திவிடுவீர்கள் என்று தோன்றியது. மோட்டார் ஓடி வாய்க்காலில் தண்ணீர் விழுந்ததும் எழுந்துவந்து முகம் கழுவிக்கொண்டீர்கள். அதன்பின் அந்த டீச்சரைப்பற்றி நீங்கள் பேசியதில்லை.

ஒன்பது மாதத்தில் நான்காவது கார்டும் முடிந்தது. பணம் கட்டிய சந்தோஷத்தில் கடைக்கு வந்தேன். "லெட்டர் வாங்குனீகளா?" என்றீர்கள். என்ன லெட்டர் என்றேன். "பாக்கி இல்லன்னு அவன் எழுதிக் குடுக்கணும். வாங்காம விடாதீக." அதற்குள் நாற்பத்தொரு ரூபாய்க்கு ஒரு பில் வந்துவிட்டது. கடைசி மாதத்தில் இடைப்பட்ட நாட்களுக்கு வட்டியாம். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்காமல், "இந்த நாப்பத்தொண்ண விட்டா அடுத்த வருசம் நாலாயிரம்னு வந்து நிப்பான்" என்று உங்கள் போனிலேயே அதைக் கட்டி, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் பாட்டு ஓட ஓட முக்கால் மணி நேரம் காத்திருந்தீர்கள். நடுவில் இரண்டு பல்பும் ஒரு சுவிட்ச் போர்டும் விற்றீர்கள். நான்கு வங்கிகளின் கடிதங்களும் இப்போது ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கின்றன.

நகை மீள மேலும் இரண்டரை வருடம் ஆனது. செயினைப் போட்டுக்கொண்டு ஈஸ்வரி முதலில் வந்தது ஆண்டாள் கோயிலுக்கு, அடுத்து உங்கள் கடைக்கு. கழுத்தைப் பார்த்தீர்கள். "தங்கச்சிக்கு டீயா காப்பியா?" என்று கேட்டீர்கள். அவள் காப்பி என்றாள். அன்றைக்கு ஒரு மிக்சி வாங்கினாள், ரொக்கத்துக்கு. விலையில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி உங்களோடு கால்மணி நேரம் மல்லுக்கட்டினாள். நீங்கள் இருபதுதான் குறைத்தீர்கள்.

பிறகு ஒரு காலையில் மதினியிடமிருந்து போன். கடை திறக்கப் போனவர் ஷட்டரைத் தூக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நான் வேலை செய்துகொண்டிருந்த பேனலை மூடாமலே கிளம்பி வந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் இருவரும் வந்திருந்தோம். பந்தியில் என் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யத் தறி போட்டிருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உங்களோடு அவருக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டேன்.

"கார்டு கடன்ல மாட்டிக்கிட்டேன். அண்ணாச்சி எங்க வீட்டுக்கு வந்து ஒக்காந்து பேசினாக. எங்கம்மா அவியள வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு அடிக்கப் போயிருச்சு. அவிய நகரவே இல்ல. 'அடிங்கம்மா, நான்தான் தேச்சுக் குடுத்தேன்'னாக."

எதிர் வரிசையில் இருந்த நர்ஸ் அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க வீட்டுக்கும் வந்தாகளா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

என் வீட்டுக்கு மட்டும்தான் வந்தீர்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு நிமிடம் எதையோ இழந்ததுபோல்கூட இருந்தது. எத்தனை வீடுகளுக்குப் போனீர்கள் என்று மதினிக்கும் தெரியவில்லை. "அப்பப்ப மத்தியானம் கடையப் பூட்டிட்டுப் போவாக. எங்கன்னு கேட்டா, ஒரு வேலைன்னு சொல்லுவாக" என்று மட்டும் சொன்னார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஈஸ்வரி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "அன்னைக்கு நான் அவியள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வீடு தேடி வந்த மனுசன."

"நீ கேக்கணும்னுதான் வந்திருக்காக" என்றேன்.

அவள் அழுதது அப்போதுதான். கடனைச் சொன்ன அன்றுகூட அழாதவள்.

அண்ணாச்சி, போன மாதம் மில்லில் புதிதாக வந்த ஒரு மோட்டார் எரிந்துபோனது. இணைப்பு கொடுத்தது நான். மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் துண்டித்துவிடும் ஓவர்லோடு ரிலேயைச் சரியாக வைக்காமல் விட்டுவிட்டேன். மேனேஜர் வந்து யார் பார்த்தது என்று கேட்டார். மூன்று பேர் நின்றோம். வோல்டேஜ் ஏறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அவருக்கு அது தெரியப்போவதில்லை. முன்பு இருந்த நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் முகம் நினைவுக்கு வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அதற்கு நேரமே இருக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நான்தான் சார்."

மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே ஈஸ்வரியிடம் அதையும் சொல்லிவிட்டேன்.